போட்டி ஆணையங்களை நிறுவனங்கள் எப்படி வளைக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தையில் யாரும் தனிக்காட்டு ராஜாவாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அரசுகள் போட்டி ஆணையங்களை வைத்திருக்கின்றன. அந்த ஆணையங்கள் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ, அவர்களே ஆணையங்களின் முடிவுகளை மாற்ற முயல்வதும் நெடுங்காலமாக நடக்கிறது. அதைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆவணங்கள் அதிகம் வெளியே வந்த நாடு அமெரிக்கா என்பதால் அந்த நாட்டு உதாரணங்களே கூடுதலாக இருக்கும். இந்தியாவைப் பற்றியும் தனியாகச் சொல்கிறேன்.

எந்த அமைப்புகளைப் பற்றிப் பேசுகிறோம்?

அமெரிக்காவில் இந்த வேலையை இரண்டு அமைப்புகள் பார்க்கின்றன. ஒன்று நீதித்துறையின் ஏகபோக எதிர்ப்புப் பிரிவு. (இந்தக் கட்டுரையில் நீதித்துறை என்றால் நீதிமன்றங்கள் அல்ல, அமெரிக்க அரசின் ஒரு அமைச்சகம். அதன் தலைவர்தான் அட்டர்னி ஜெனரல்.) இன்னொன்று 1914-ல் உருவான மத்திய வர்த்தக ஆணையம், சுருக்கமாக எஃப்டிசி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரோப்பிய ஆணையமும் பிரிட்டனில் சிஎம்ஏ என்ற போட்டி ஆணையமும் இதைச் செய்கின்றன. இந்தியாவில் 2002-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் போட்டி ஆணையம், அதாவது சிசிஐ.

நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்தால் அபராதம் போடுவது, பெரிய நிறுவனம் தன் பலத்தால் சிறியவர்களை நசுக்கினால் தடுப்பது, இரண்டு நிறுவனங்கள் இணையலாமா கூடாதா என்று முடிவு செய்வது ஆகியவை இவற்றின் பணிகள்.

செல்வாக்கு என்றால் லஞ்சம்தானே?

பெரும்பாலும் இல்லை. பணப்பெட்டி கைமாறினால் அது கிரிமினல் வழக்கு. அதைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே கவலைக்குரிய விஷயங்களில் பல சட்டப்படியே நடக்கின்றன. அமைச்சரோடு ஒரு சந்திப்பு, கட்சி மாநாட்டுக்கு ஒரு நன்கொடை, ஓய்வுபெற்ற அதிகாரிக்கு ஒரு பதவி, பல்கலைக்கழக மையத்துக்கு ஒரு நிதி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமாகத் தெரியாது. அதனால்தான், யார் யாரைச் சந்தித்தார்கள் என்பது எழுத்தில் பதிவாகி மக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கீழே வரும் பதில்கள் பலவும் இந்த இடத்துக்கே வந்து நிற்கும்.

அப்படி நடந்து, ஆவணங்களோடு வெளியே வந்த வழக்கு ஏதாவது உண்டா?

உண்டு. ஐடிடி வழக்கு. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐடிடி ஒரு தொலைபேசி நிறுவனமாகத் தொடங்கியது. ஹெரால்ட் ஜெனீன் தலைமையில் 1960-களில் அது கண்ணில்பட்ட கம்பெனிகளை எல்லாம் வாங்கத் தொடங்கியது. ஏவிஸ் வாடகைக் கார், ஷெரட்டன் ஹோட்டல், வீடு கட்டும் நிறுவனம் என்று பட்டியல் நீண்டது. அடுத்து ஹார்ட்ஃபோர்ட் என்ற பெரிய காப்பீட்டு நிறுவனத்துக்கும் குறி வைத்தது. ஏகபோக எதிர்ப்புப் பிரிவின் தலைவராக இருந்த ரிச்சர்ட் மக்லாரன் விடவில்லை. ஹார்ட்ஃபோர்ட், கிரின்னல், கேன்டீன் ஆகிய மூன்று நிறுவனங்களை ஐடிடி வாங்குவதை எதிர்த்து 1969-ல் வழக்குத் தொடுத்தார். அவரை நியமித்தது குடியரசுக் கட்சி அதிபர் நிக்ஸனின் அரசு என்பதைக் கவனியுங்கள். அரசின் சொந்த ஆள்தான் கடுமையாக நின்றார்.

கிரின்னல் வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் அரசு தோற்றது. உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டிய நேரம். 1971 ஏப்ரல் 19 அன்று நிக்ஸன், துணை அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் கிளைன்டீன்ஸ்டைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வழக்கை விட்டுவிடும்படி கெட்ட வார்த்தையோடு கட்டளையிட்டார். கேட்காவிட்டால் மக்லாரன் வெளியே போக வேண்டும் என்றும் சொன்னார். அது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. பிறகு அட்டர்னி ஜெனரல் மிட்செல் எடுத்துச் சொன்னதால் நிக்ஸன் அந்தக் கட்டளையை அழுத்தவில்லை. ஆனால் ஜூலை 31 அன்று வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. ஏவிஸ் உட்படச் சிலவற்றை ஐடிடி விற்க வேண்டும். அது மிகவும் விரும்பிய ஹார்ட்ஃபோர்ட் அதனிடமே இருக்கும்.

அதே காலத்தில், 1972-ல் சான் டியாகோ நகரில் நடப்பதாக இருந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு ஐடிடியின் ஷெரட்டன் தரப்பிலிருந்து 4 லட்சம் டாலர் வரை தருவதாக வாக்குறுதி போயிருந்தது. 1972 பிப்ரவரி 29 அன்று பத்திரிகையாளர் ஜாக் ஆண்டர்சன், ஐடிடியின் லாபியிஸ்ட், அதாவது நிறுவனத்துக்காக அரசிடம் போய்ப் பேசுபவரான டீட்டா பியர்ட் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒரு குறிப்பை வெளியிட்டார். அந்த நன்கொடையையும் வழக்குகளின் சமரசத்தையும் அது முடிச்சுப் போட்டுப் பேசியது. அதைத் தான் எழுதவில்லை என்று பியர்ட் பின்னர் மறுத்தார். மாநாடே மயாமி பீச்சுக்கு மாற்றப்பட்டது.

அட்டர்னி ஜெனரல் பதவிக்கான செனட் விசாரணையில், தனக்கு வெள்ளை மாளிகையிலிருந்து எந்த நெருக்கடியும் வரவில்லை என்று கிளைன்டீன்ஸ்ட் சொன்னார். ஒலிநாடா வேறு கதை சொன்னது. 1974-ல் அவர் செனட்டுக்கு முழு உண்மையைச் சொல்லாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை 100 டாலர் அபராதமும், நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு மாதச் சிறையும். மாநாட்டு நன்கொடைக்குப் பதிலாகத்தான் சமரசம் கிடைத்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. இதுபோன்ற விவகாரங்களில் நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்: அதிபரின் குரலே நாடாவில் இருந்தும் கடைசிக் கண்ணி கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு சட்டம் ஏதாவது மாறியதா?

மாறியது. 1974 டிசம்பரில் டன்னி சட்டம் வந்தது. முன்னெடுத்த செனட்டர் ஜான் டன்னியின் பெயரால் அப்படி அழைக்கப்படுகிறது. ஏகபோக எதிர்ப்பு வழக்கை நீதித்துறை சமரசம் செய்ய விரும்பினால், அந்தச் சமரசத்தை வெளியிட்டு 60 நாள் மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். ஏன் இந்தச் சமரசம், இதனால் போட்டிக்கு என்ன ஆகும் என்று விளக்கம் தர வேண்டும். சமரசம் பொதுநலனுக்கு ஏற்றதுதானா என்று நீதிபதி பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு விதி: சமரசம் தொடர்பாக அரசு அதிகாரிகள் யாரிடமெல்லாம் தன் சார்பில் பேசப்பட்டது என்ற விவரத்தை அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். வழக்கில் முறைப்படி ஆஜராகும் வழக்கறிஞர்கள் மட்டும் நீதித்துறையோடு நடத்தும் பேச்சுக்குத்தான் விலக்கு. பின்வாசல் வழியாகப் போனால் அது காகிதத்தில் வர வேண்டும் என்பதே நோக்கம்.

அந்தச் சட்டம் உண்மையில் வேலை செய்கிறதா?

ஓரளவுக்குத்தான். 1995-ல் மைக்ரோசாஃப்ட் சமரசத்தை நீதிபதி ஸ்டான்லி ஸ்போர்கின் ஏற்க மறுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருடைய முடிவைத் தள்ளிவிட்டது. வழக்கில் எதைக் குற்றச்சாட்டாக வைப்பது என்பது அரசின் உரிமை, நீதிபதி அதற்கு மேல் போகக் கூடாது என்றது. அதன் பிறகு நீதிபதிகள் பெரும்பாலும் முத்திரை குத்தி அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டார்கள். 2004-ல் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் பலப்படுத்தினார்கள்.

2025-ல் அந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை வந்தது. ஹியூலெட் பேக்கார்டு என்டர்பிரைஸ், சுருக்கமாக எச்பிஇ, ஜூனிப்பர் நெட்வொர்க்ஸை 1,400 கோடி டாலருக்கு வாங்க இருந்தது. அலுவலகங்களுக்கான வைஃபை கருவிகளில் இவை இரண்டும் போட்டியாளர்கள். இணைந்துவிட்டால் எச்பிஇயும் சிஸ்கோவும் மட்டுமே அமெரிக்கச் சந்தையில் 70 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் என்று சொல்லி, 2025 ஜனவரி 30 அன்று நீதித்துறை வழக்குத் தொடுத்தது. ஜூலை தொடக்கத்தில் விசாரணை. அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் இறுதியில், திடீரென்று சமரசம். எச்பிஇ ஒரு சிறு வைஃபை தொழிலை விற்கும், ஜூனிப்பரின் ஒரு மென்பொருளுக்கு உரிமம் தரும், இணைப்பு நடக்கும். ஜூலை 2 அன்று இணைப்பு முடிந்தே போனது. 60 நாள் கருத்துக் கேட்பும் நீதிபதியின் ஆய்வும் அதற்குப் பிறகுதான். திருமணம் முடிந்த பிறகு பொருத்தம் பார்க்கிற கதைதான் இது.

அதே ஜூலையில் ஏகபோக எதிர்ப்புப் பிரிவின் இரண்டு மூத்த துணைத் தலைவர்கள் பதவி நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் ஆல்ஃபர்டு ஆகஸ்டில் ஒரு பொது மேடையில் பேசினார். ஆளும் தரப்புக்கு நெருக்கமான லாபியிஸ்ட்கள் பிரிவின் தலைமையைத் தாண்டி நீதித்துறையின் மேல்மட்டத்தோடு பேசி முடித்தார்கள் என்றும், சட்டத்தின் ஆட்சி இருக்க வேண்டிய இடத்தில் லாபியிஸ்ட்களின் ஆட்சி வருகிறது என்றும் குற்றம்சாட்டினார். நீதித்துறை அதை மறுத்தது. சமரசம் வழக்கின் தகுதியை வைத்தே செய்யப்பட்டது, தேசப் பாதுகாப்பும் கருதப்பட்டது என்பது அரசுத் தரப்பின் நிலை.

நவம்பரில், பல மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் இந்த வழக்கில் தலையிட நீதிபதி அனுமதி தந்தார். இதைச் சிறிய விஷயமாக நான் பார்க்கவில்லை. ஐடிடி காலத்தில் ஒரு பத்திரிகையாளருக்குக் குறிப்பு கிடைத்தால்தான் விஷயம் வெளியே வந்தது. இப்போது, குறைகளோடு என்றாலும், கேள்வி கேட்க நீதிமன்றத்திலேயே ஒரு வாசல் இருக்கிறது.

இன்று கண்காணிக்கும் அதிகாரி நாளை அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேரலாமா?

பல நாடுகளில் குறிப்பிட்ட காலம் கழித்துச் சேரலாம். சிக்கல் என்னவென்றால், சேரப்போகும் நினைப்பு பதவியில் இருக்கும்போதே வேலை செய்யத் தொடங்கிவிடும். 2004 முதல் 2010 வரை ஐரோப்பாவின் போட்டி ஆணையராக இருந்து மைக்ரோசாஃப்ட், இன்டெல் போன்ற நிறுவனங்களுக்குப் பெரும் அபராதம் விதித்த நீலி குரூஸ், பிறகு டிஜிட்டல் துறை ஆணையராக இருந்துவிட்டு, 2016-ல் ஊபரின் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். தடைக்காலம் அப்போது 18 மாதம். அந்தத் தடைக்காலத்திலேயே அவர் ஊபருக்கு உதவியதாக 2022-ல் கசிந்த ஊபர் ஆவணங்களை வைத்துச் செய்திகள் வந்தன, அவர் மறுத்தார்.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2023 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம், போட்டிப் பிரிவின் தலைமைப் பொருளாதார நிபுணராக அமெரிக்கரான ஃபியோனா ஸ்காட் மார்ட்டனைத் தேர்ந்தெடுத்தது. ஆப்பிள், அமேசான், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றுக்கு அவர் ஆலோசனை சொல்லியிருந்தார். அவர் திறமையானவர், பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களை விமர்சித்தும் எழுதியவர். இருந்தாலும் எதிர்ப்புக் கிளம்பியது, பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் கேள்வி எழுப்பினார், ஸ்காட் மார்ட்டன் விலகிக்கொண்டார். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. துறையை அறிந்தவர்களை எல்லாம் ஒதுக்கினால் ஆணையத்துக்கு ஆளே கிடைக்காது.

கூகுளை எஃப்டிசி 2013-ல் விட்டுவிட்டது என்கிறார்களே, என்ன நடந்தது?

2013 ஜனவரியில் ஐந்து ஆணையர்களும் ஒருமனதாகத் தேடல் தொடர்பான விசாரணையை முடித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 2015 மார்ச்சில், எஃப்டிசி ஊழியர்கள் 2012-ல் எழுதிய உள் அறிக்கை ஒன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கைக்கு வந்தது. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் அனுப்பும்போது தவறுதலாக ஒன்றுவிட்டு ஒரு பக்கம் போய்விட்டது! அதில், சில விஷயங்களில் கூகுள் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று போட்டிப் பிரிவு ஊழியர்கள் பரிந்துரைத்திருந்தார்கள். போட்டியாளர்களைத் தள்ளிவைக்கும் பிரத்யேக ஒப்பந்தங்கள் அவற்றில் ஒன்று.

இங்கே நேர்மையாக இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேடல் முடிவுகளில் கூகுள் தன் சேவைகளை முன்னிறுத்தியது என்ற முக்கியப் புகாரில் வழக்கு வேண்டாம் என்றே அதே ஊழியர்கள் எழுதியிருந்தார்கள். பொருளாதாரப் பிரிவும் வழக்குக்கு எதிராக இருந்தது. ஆகவே இதை 'விலைக்கு வாங்கிய முடிவு' என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் 2012-ல் கூகுள் வாஷிங்டனில் லாபிக்குச் சுமார் 1.8 கோடி டாலர் செலவழித்தது. அதே வகையான பிரத்யேக ஒப்பந்தங்களை வைத்து 2020-ல் நீதித்துறை வழக்குப் போட்டது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். நடுவே போன ஆண்டுகளில் வளர்ந்திருக்கக்கூடிய போட்டியாளர்கள் வளரவே இல்லை.

ஆணையங்களிடம் பணபலம் இல்லையா?

ஒப்பிட்டுப் பாருங்கள். போன்களிலும் பிரவுசர்களிலும் தானாகவே வரும் (இயல்புநிலை) தேடுபொறியாக இருப்பதற்காக மட்டும் கூகுள் 2021-ல் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். எஃப்டிசியின் 2024 ஆண்டு மொத்த பட்ஜெட் சுமார் 42.5 கோடி டாலர். அறுபது மடங்கு இடைவெளி.

பல்கலைக்கழக ஆய்வுகளும் இதில் வருமா?

வரும். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு மையம் உலகம் முழுவதிலுமிருந்து நீதிபதிகளையும் போட்டி அதிகாரிகளையும் அழைத்துப் பயிற்சி தருகிறது. கூகுள், அமேசான், குவால்காம் போன்றவை அதற்கு நிதி அளித்ததை நியூயார்க் டைம்ஸ் 2020-ல் எழுதியது. ஒரு முடிவை மாற்றுவதைவிட, முடிவெடுப்பவர் எந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார் என்பதை மாற்றுவது நீண்ட காலத்துக்குப் பலன் தரும்.

மக்கள் தேர்ந்தெடுத்த அரசு ஆணையத்தை வழிநடத்துவதில் என்ன தவறு?

பொதுக் கொள்கையைச் சொல்வதில் தவறில்லை. 2025 ஜனவரியில் பிரிட்டன் அரசு, வளர்ச்சிக்கு ஆணையம் போதிய அக்கறை காட்டவில்லை என்ற எண்ணத்தில், சிஎம்ஏ தலைவர் மார்கஸ் பாக்கரிங்கை விலக வைத்தது. இடைக்காலத் தலைவராக வந்தவர் டக் கர், அமேசானின் பிரிட்டன் பிரிவை முன்பு நடத்தியவர். கர் நேர்மையற்றவர் என்று யாரும் நிறுவவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அமேசான், மைக்ரோசாஃப்ட் போன்றவற்றின் மீது முடிவெடுக்க வேண்டிய அமைப்பின் ஊழியர்களுக்கு அந்த நியமனம் என்ன சேதி சொல்லியிருக்கும்? கடுமையாக நின்றால் தலைவரே போவார் என்பதுதானே.

இந்தியாவில் நிலைமை எப்படி?

சட்டத்தில் நல்ல பாதுகாப்புகள் இருக்கின்றன. சிசிஐ தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்வு செய்யும் குழுவுக்கு இந்தியத் தலைமை நீதிபதியோ அவர் நியமிப்பவரோ தலைமை வகிக்கிறார். பதவி முடிந்து இரண்டு ஆண்டுக்கு, ஆணையத்தின் முன் வழக்கில் இருந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. பெரிய நிறுவனங்கள் மீது கை வைக்கவும் ஆணையம் தயங்கவில்லை. சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி.காம் நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்களில் 2018-ல் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம். 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு வழக்கில் 1,337.76 கோடி ரூபாய்.

பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 2022 அக்டோபரிலேயே தலைவர் அசோக் குமார் குப்தா ஓய்வுபெற்றார். அடுத்த தலைவர் ரவ்னீத் கவுர் வந்தது 2023 மே மாதம். இடையில் ஏழு மாதம் ஆணையத்தில் கூட்டம் நடத்தத் தேவையான மூன்று பேர் இல்லை. செயலிகளுக்குக் கட்டணம் வசூலிக்கும் கூகுளின் பில்லிங் முறைக்கு எதிராகப் புகார் கொடுத்திருந்த இந்திய ஸ்டார்ட்அப்களின் கூட்டமைப்பு, எங்கள் புகாரைக் கேட்க ஆளில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது. இந்தக் காலி இடத்தை எந்த நிறுவனமோ உண்டாக்கியது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் நாற்காலி காலியாக இருந்தால் லாபம் புகார் கொடுத்தவருக்கு இல்லை.

தாமதமும் அப்படித்தான். 2012-ல் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்குக் கார்டெல், அதாவது கூடிப் பேசி விலை வைக்கும் கூட்டு, அமைத்ததாக 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டார்கள். நம்மூர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், இந்தியா சிமெண்ட்ஸும் அதில் உண்டு. வாதத்தைக் கேட்காத தலைவர் தீர்ப்பில் கையெழுத்திட்டார் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015-ல் அதை ரத்து செய்தது. 2016-ல் ஆணையம் மறுபடி அபராதம் விதித்தது, 2018-ல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது, விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் எத்தனையோ பேர் வீடு கட்டி முடித்துவிட்டார்கள்.

நாம் இப்போது கவனிக்க வேண்டியது என்ன?

சமரச முறை. 2023 திருத்தத்தால் சிசிஐயும் வழக்குகளைச் சமரசத் தொகை கட்டச் சொல்லிச் சமரசமாக முடிக்கலாம் என்று ஆனது. 2025 ஏப்ரலில் ஆண்ட்ராய்டு டிவி வழக்கைக் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டி இப்படித்தான் முடித்தது. வழக்கு இழுபடாமல் முடிவதில் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சமரச உத்தரவை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போக முடியாது என்று சட்டமே சொல்கிறது. அமெரிக்காவில் இருப்பதுபோல் நீதிபதி பார்வையிடும் கட்டமும் கிடையாது. யார் யாரிடம் பேசினார்கள் என்று தாக்கல் செய்யச் சொல்லும் விதியும் இல்லை. லாபியைப் பதிவு செய்யும் பொதுச் சட்டமே இந்தியாவில் இல்லை.

இதோடு, பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதிகள் வைக்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவையும் சேர்த்துப் பாருங்கள். 2024 மார்ச்சில் வரைவு வந்தது. கூகுள், அமேசான், ஆப்பிள் ஆகியவற்றை உறுப்பினர்களாகக் கொண்ட அமெரிக்க வணிக அமைப்பு ஒன்று இதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி அரசுக்குக் கடிதம் எழுதியது ராய்ட்டர்ஸ் மூலம் வெளியே தெரிந்தது. கடிதம் எழுதுவது அவர்கள் உரிமை. அது செய்தி நிறுவனத்தின் முயற்சியால் அல்லாமல் அரசின் இணையதளத்திலேயே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லாபியை ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிடலாமே?

கூடாது. புகார் கொடுத்த சிறு ஸ்டார்ட்அப்பும் நுகர்வோர் அமைப்பும்கூட அரசிடம் போய்ப் பேசத்தான் வேண்டும். தடை போட்டால் அவர்கள் வாய்தான் முதலில் அடைபடும்.

சாதாரண ஆள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். சிசிஐயிடம் தகவல் கொடுக்க நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆணையத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. சமரச விண்ணப்பம் வரும்போது கருத்துக் கேட்டு அறிவிப்பு வெளியிடுவார்கள். குறுகிய கெடுவுக்குள் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு நியமனம் மாதக்கணக்கில் தள்ளிப்போனால், விளம்பரம் எப்போது வந்தது, தேர்வுக் குழு எப்போது கூடியது என்று கம்பெனி விவகார அமைச்சகத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். அமைச்சரும் செயலாளரும் எந்தத் தொழில் அமைப்புகளைச் சந்தித்தார்கள் என்றும் அதே மனுவில் கேளுங்கள்.